ஈவ் ஆன்லைன்: ஆடுவோர் ஆக்கும் அண்டம்

ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்யவிக்கில் இயங்கும் சிசிபி நிறுவனம், ‘ஈவ் ஆன்லைன்’ என்னும் இணையவழி விளையாட்டை 2003ஆம் ஆண்டு மே மாதம் வெளியிட்டது. மாந்தர் குடியேறிய தொலைதூர விண்வெளியே இதன் களம். ஆடுபவர் விண்கலம் செலுத்தும் ஒரு பாத்திரத்தை ஏற்கிறார். கனிமம் அகழ்தல், கலம் கட்டுதல், வாணிகம், போர், ஏன், கொள்ளையைக்கூட அவர் தொழிலாகக் கொள்ளலாம்.

இத்தகைய விளையாட்டுகள் பலவற்றில் ஒரே உலகம் பல படிகளாக்கப்பட்டு, ஆடுவோர் அவற்றில் பிரிக்கப்படுவர். ஈவில், தனிச் சேவையகம் கொண்ட சீனா நீங்கலாக, ஏனைய நாட்டார் யாவரும் 7,000க்கும் மேற்பட்ட விண்மீன் மண்டலங்களைக் கொண்ட ஒரே அண்டத்தில் உலவுகின்றனர். அழிந்த கலம் மீள்வதில்லை; மற்றொன்றை வாங்கவோ கட்டவோ வேண்டும். இழப்பு இழப்பாகவே நிற்பதால்தான் இங்கு வாணிகமும் நட்பும் துரோகமும் பொருள் பெறுகின்றன. இவ்வணிகத்தை ஆராய 2007இல் பொருளியல் அறிஞர் ஒருவரையே நிறுவனம் பணியமர்த்தியது.

2014 சனவரியில் ஓர் அணி, தன் வசமிருந்த மண்டலத்துக்குரிய கட்டணம் செலுத்தப்படாததால் அதன் உரிமையை இழந்தது. பகையணி உடனே புகுந்தது. ஆயிரக்கணக்கானோர் ஓரிடத்தில் திரண்டால் சேவையகம் திணறும். எனவே விளையாட்டின் காலவோட்டமே பத்தில் ஒரு பங்காகக் குறைக்கப்படும். போர் ஏறத்தாழ 21 மணி நேரம் நீண்டது. ‘டைட்டன்’ எனப்படும் மாபெருங்கலங்கள் 75 அழிந்தன. அவற்றின் சிதைவுகளை நிறுவனம் அம்மண்டலத்திலேயே நினைவுச்சின்னமாக நிறுவியது.