பனிக்கட்டியில் ஏறிவரும் புரதம்

காகிதக் கிண்ணத்தில் நீரை ஊற்றி மெழுகுவத்திச் சுடரின் மேல் பிடித்தால் நீர் கொதிக்கும், காகிதம் எரியாது. ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் நான் கற்ற இச்சோதனையை எங்கள் தோட்டப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவர்க்கு இன்றும் செய்து காட்டி வருகிறேன். சுடரின் வெப்பத்தை நீர் வாங்கிக்கொள்கிறது, காகிதம் தப்புகிறது. எளிதில் கெடும் உயிர்ப்பொருள்களை லேசர் ஒளிகொண்டு மெல்லிய படலமாகப் படியவைக்கும் முறையும் ஏறக்குறைய இத்தகையதே.

படலம் எதற்கு என்று கேட்கலாம். உடலுக்குள் பொருத்தும் டைட்டேனியத் தகட்டின் மேல் உடல் ஏற்கும் பொருளொன்று படிந்திருத்தல் நலம். நோயறியும் கருவி சிலவற்றின் நுனியில் நொதி என்னும் புரதம் அமர்ந்து வேலை செய்யவேண்டும். இவற்றுக்குச் சில நூறு நானோமீட்டர் கனமே போதும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறே நானோமீட்டர். கரைசலில் தோய்த்தெடுத்தால் ஆகாதா? ஆகும், பல இடங்களில் அவ்வாறே செய்கின்றனர். ஆயினும் கரைசல் காயும்போது பொருள் ஓரத்திற்கு ஓடிவிடும். மேசையில் சிந்திய காப்பியின் கறை வளையமாகக் காய்வதைக் கண்டிருப்பீர்கள். அன்றியும், மேலே இரண்டாம் பூச்சு பூசினால் அதன் கரைப்பான் முதற்பூச்சைக் கரைத்துவிடக்கூடும்.

லேசரை 1960இல் முதன்முதல் இயக்கியவர் அமெரிக்கரான மைமன். 1965இலேயே ஸ்மித், டர்னர் என்னும் இருவர் அவ்வொளியால் பொருளை ஆவியாக்கிப் படலம் செய்தனர். எனினும் அம்முறைக்குப் பெரும்பெயர் வந்தது 1987இல். நியூ ஜெர்சியில் பெல்கோர் ஆய்வகத்தில் திருமலை வெங்கடேசன் குழுவினர் மீக்கடத்திப் படலத்தை இவ்வழியில் ஆக்கினர். அவர் பின்னர் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு பணியாற்றியவர் என்பது நம் வாசகர்க்கு மகிழ்வூட்டும்.

அம்முறையில் வெற்றிடக் கலத்துள் வைத்த பொருளின்மேல் லேசர் துடிப்புத் துடிப்பாக விழுகிறது. விழுந்த இடம் நொடிப்பொழுதில் ஆயிரக்கணக்கான பாகை வெப்பமடைந்து, ஒளிரும் ஆவியாகி எதிரிலுள்ள தகட்டில் படிகிறது. எலும்பின் கனிமமாகிய ஹைட்ராக்சி அபடைட்டு போன்றவற்றைக்கூட இவ்வாறு படியவைத்துள்ளனர். புரதத்தின் நிலை வேறு. வெந்த முட்டை மீண்டும் பச்சை முட்டையாவதில்லை அன்றோ? வெப்பம் மட்டுமா? 248 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளியின் ஒரு துகளுக்கு ஏறத்தாழ 5 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் உண்டு. இரு கரிம அணுக்களைப் பிணைத்திருக்கும் ஆற்றலோ சுமார் 3.6. சூடே இல்லாவிடினும் ஒளியே மூலக்கூற்றை அறுக்க வல்லது.

1990களின் பிற்பகுதியில் வாஷிங்டன் கடற்படை ஆய்வகத்தார் இதற்கு ஒரு வழி கண்டனர். அதற்கு மேப்பிள் என்று பெயர். மரத்தின் பெயரன்று, ஐந்து ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துச் சேர்க்கை. முதற்சொல்லான மேட்ரிக்ஸ் என்பதை ‘அணி’ என்று பெயர்த்தால் மாணவர் கணிதத்திற்குப் போய்விடுவர். ஆகவே ‘தாங்குபொருள்’ என்று நான் வைத்துக்கொள்கிறேன்; தக்க சொல் தருவோர்க்கு நன்றியுடையேன்.

உயிர்ப்பொருளை எளிதில் ஆவியாகும் கரைப்பானில் நூற்றுக்கு ஓரிரு பங்கு மட்டும் கரைத்து, நீர்ம நைட்ரஜனால் உறையவைக்கின்றனர். அவ்வுறைகட்டியைச் சுழற்றிக்கொண்டே வெற்றிடத்தில் லேசரை வீசுகின்றனர். நேர்முறையில் சதுர சென்டிமீட்டருக்குச் சில ஜூல் ஆற்றல் வேண்டும்; இங்குப் பெரும்பாலும் அரை ஜூலுக்கும் குறைவே. ஒளியின் பெரும்பங்கைக் கரைப்பான் விழுங்கி ஆவியாகப் பாய்கிறது. உள்ளிருந்த பொருளையும் உடன் ஏற்றிச் செல்கிறது. ஆவியைப் பம்பு இழுத்துவிட, பொருள் தகட்டில் ஏறக்குறைய உலர்ந்தே வந்து சேர்கிறது. கீழ்ப்பூச்சும் கரையாது.

புரதம் உயிர்த்திறனோடு வந்ததா என்று எவ்வாறு அறிவது? குதிரைமுள்ளங்கியிலுள்ள பெராக்சிடேசு என்னும் நொதி, தக்க மருந்து பட்டால் நிறம் உண்டாக்கும். 2001இல் அவ்வாய்வகத்தார் அந்நொதியையும் இன்சுலினையும் படலமாக்கி, அவை வேலைத்திறன் இழக்காமல் வந்ததைக் காட்டினர்.

இவ்விளக்கம் அழகாயிருக்கிறது, அழகாயிருப்பதாலேயே ஐயுறவும் வேண்டும். மூலக்கூறுகள் ஒவ்வொன்றாகப் பறந்து வருவதாகவே முதலில் எண்ணினர். வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் செய்த கணினிக் கணக்கீடுகளோ வேறு காட்டின. கரைப்பானும் பொருளும் திரள்திரளாக, துளிகளாகவே பிய்ந்து வருகின்றன. படலத்தில் சுருக்கமும் மேடுபள்ளமும் காண்பது இதனாலேயே. கரைப்பான் தானே குற்றவாளியாவதும் உண்டு. குளோரோபாம் ஒளிபட்டு உடைந்து, அதிலிருந்து பிறக்கும் குளோரின் காக்கவேண்டிய பொருளையே தாக்குகிறது.

புரதத்திற்கு இயல்பான கரைப்பான் நீர். இங்கேதான் பெருஞ்சிக்கல். நீர்ப்பனி 248 நானோமீட்டர் ஒளியைப் பெரும்பாலும் விழுங்காமல் விட்டுவிடுகிறது, புரதமோ விழுங்குகிறது. அடியைத் தாங்கவேண்டியவன் விலகி நிற்க, காக்கப்படவேண்டியவன் அடிபடுகிறான்! நம் காகிதக் கிண்ணத்திலும் நீர்மட்டத்துக்கு மேலுள்ள விளிம்பில் சுடர் பட்டால் கருகத்தானே செய்கிறது?

ஆதலால் வாண்டர்பில்ட் முதலிய பல்கலைக்கழகங்களில் அகச்சிவப்பு லேசரை நாடினர். 2.94 மைக்ரோமீட்டர் அருகே நீர்மூலக்கூற்றின் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பு ஒளியைப் பேராவலோடு விழுங்கி அதிர்கிறது. அவ்வொளித்துகளின் ஆற்றல் சுமார் 0.42 எலெக்ட்ரான் வோல்ட்டே. தனித்து நின்று கரிமப் பிணைப்பை அறுக்க அதற்கு வலுவில்லை. பனி அதை வாங்கிக்கொள்ள, புரதம் பெரிதும் தப்புகிறது. துளிகளாய் வருவதும் மேடுபள்ளமும் மட்டும் அங்கும் நீங்கவில்லை.