முழங்கால் ஜவ்வு அறுவை சிகிச்சை: வலி போன பிறகுதான் கூடுதல் கவனம்

அஸர் தொழுதுவிட்டுப் பந்து விளையாடப் போன நம் மஹல்லாத் தம்பி ஒருவர், ஓடுகிற வேகத்தில் சட்டெனத் திரும்பினார். யாரும் மோதவில்லை. முழங்காலுக்குள் ‘டொப்’ என்று ஒரு சத்தம். மஃரிபுக்குள் கால் வீங்கிவிட்டது. எக்ஸ்ரேயில் எலும்புக்கு ஒன்றுமில்லை என்றதும் எண்ணெய் தடவிக் கட்டுப் போட்டார்கள். வீக்கம் வடிந்தது. ஆனால் படி இறங்கும்போதெல்லாம் கால் நழுவியது. எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது என்பதை அந்த வீட்டில் யாரும் அறிந்திருக்கவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகுதான் ஏ.சி.எல். முழுவதுமாக அறுந்திருப்பது தெரிந்தது.

தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மூட்டின் நடுவே குறுக்காகப் பிணைக்கும் தசைநார் இது. கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமல் தடுப்பது இதன் வேலை. அறுந்த எல்லோருக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படாது. ஓட்டம், விளையாட்டு இல்லாத வாழ்க்கை, கால் நழுவுவதும் இல்லை என்றால் பிசியோதெரபியே பலருக்குப் போதுமானது. இளைஞர்களுக்கும், கால் அடிக்கடி நழுவுபவர்களுக்கும்தான் பெரும்பாலும் அறுவை சிகிச்சை.

அறுந்ததைத் தைப்பதைவிட, நோயாளியின் உடலிலிருந்தே வேறொரு தசைநாரை எடுத்துப் புதிதாகப் பொருத்துவதே வழக்கம். சிறு துளைகள் வழியே கேமராவைச் செலுத்தி, இரு எலும்புகளிலும் துளையிட்டு, அதைத் திருகாணி அல்லது பட்டன் கொண்டு நிறுத்துகிறார்கள். தொடையின் பின்புறத்திலிருந்தும் எடுக்கலாம். முழங்கால் சில்லுக்குக் கீழேயிருந்தும் எடுக்கலாம். சில்லுக்குக் கீழே எடுத்தால், பின்னாளில் மண்டியிடும்போது முன்பக்கம் வலிக்க வாய்ப்பு அதிகம். ஐவேளையும் ஸுஜூது செய்கிறவர்கள் நாம். இதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. சொன்னால்தானே அவருக்குத் தெரியும்!

வீடு திரும்பியதும் பாசத்தில் உம்மாமார் செய்யும் ஒரு தவறு, முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பது. அது சுகமாக இருக்கும். ஆனால் கால் முழுதாக நீளாமல் போய்விடும். தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். கெண்டைக்காலில் வலியும் வீக்கமும், காய்ச்சல், தையலில் நீர் வடிதல், திடீர் மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

ஏறக்குறைய 6 முதல் 12 வாரங்கள் வரையிலான காலம் ஏமாற்றும். வலி போயிருக்கும், ஊன்றுகோலும் போயிருக்கும். ஆனால் பொருத்திய தசைநார் அப்போதுதான் மிகப் பலவீனமாக இருக்கும். உடல் அதைத் தனதாக்கிக்கொள்ள மாதங்கள் ஆகும். மீண்டும் மைதானத்தில் இறங்க 9 மாதமாவது பொறுக்க வேண்டும். தொடைத் தசையின் பலத்தையும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

தொழுகை பற்றிப் பலரும் கேட்கிறார்கள். முழங்கால் ஒளுவில் கழுவும் உறுப்பு அல்ல. ஆகவே அங்குள்ள கட்டு ஒளுவுக்குத் தடையாகாது. கடமையான குளிப்புக்குத்தான் அந்தக் கேள்வி எழும். மண்டியிட மருத்துவர் அனுமதிக்கும் வரை நாற்காலியில் அமர்ந்து, ருகூவைவிட ஸுஜூதுக்குச் சற்று அதிகமாகக் குனிந்து சைகையால் தொழலாம். நிற்க முடிந்தவர் நிற்பது பற்றி ஹனஃபி, ஷாஃபிஈ சட்டங்களில் வேறுபாடு உண்டு. தங்கள் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தத் தம்பிக்கு இது ஐந்தாம் மாதம். “வலியே இல்லை ஹஜ்ரத், ஒரு ஆட்டம் மட்டும்...” என்று போன வாரம் வந்து நின்றார். பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுவிட்டு வரச் சொல்லி அனுப்பினோம்.