ரிஷிவந்தியம் வெயிலில் சத்தமில்லாத கணினி

கணினி போடும் சத்தம் பெரும்பாலும் ஃபேன் சத்தம்தான். புராசசரும் கிராபிக்ஸ் கார்டும் இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாக மாறுகிறது. சாதாரண வீட்டுக் கணினியின் 65 வாட் புராசசர் பழைய குண்டு பல்பு அளவுக்குச் சுடும். கல்யாண வீடியோ எடிட்டிங், முப்பரிமாண வரைகலை போன்ற வேலைகளுக்கான கணினியில் புராசசர் 150 வாட், கிராபிக்ஸ் கார்டு 250 வாட் என்று கணக்கு 400 வாட்டைத் தொட்டுவிடும். அறைக்குள் நான்கு பேர் உட்கார்ந்திருந்தால் அவர்கள் உடம்பிலிருந்து வெளிவரும் சூட்டுக்கு அது சமம். நகத்தளவுச் சில்லில் பிறக்கும் இந்தச் சூட்டை எடுத்து அறைக் காற்றில் விட வேண்டும். சிறிய பரப்பை வைத்துக்கொண்டு அதைச் செய்யும் ஃபேன் வேகமாகச் சுற்றியாக வேண்டும். வேகமாகச் சுற்றினால் இரையும்.

இரைச்சல் வேகத்தோடு நேராக ஏறுவதில்லை, தாவி ஏறுகிறது. நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றும் ஃபேனை 1,000 சுற்றுக்கு இறக்கினால் சத்தம் சுமார் 15 டெசிபல் குறையும். காதுக்கு அது மூன்றில் ஒரு பங்காகக் கேட்கும். காற்றும் பாதியாகிவிடும் என்பது உண்மை. ஆனால் அதே அளவு ஃபேன் மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மெதுவாக ஓட்டினால் சத்தம் 5 டெசிபல்தான் கூடுகிறது. ஒற்றை ஃபேன் வேகமாக ஓடியபோது வந்ததைவிட ஒன்றரை மடங்கு காற்று, அதுவும் பாதிச் சத்தத்தில் கிடைக்கிறது. பரப்பைக் கூட்டி வேகத்தைக் குறைப்பதுதான் அமைதியின் வழி. மூன்று ஃபேன்களையும் புராசசர் தலைமேல் ஏற்ற இடம் கிடையாது. அங்கேதான் தண்ணீர் வேண்டியிருக்கிறது.

ஒரு லிட்டர் தண்ணீர், அதே அளவு சூடேறும் ஒரு லிட்டர் காற்றைவிட ஏறக்குறைய 3,500 மடங்கு வெப்பத்தைச் சுமக்கும். நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடினால், 400 வாட் சூட்டை வாங்கிக்கொண்டும் அது ஒன்றரை டிகிரிக்குமேல் சூடேறாது. புராசசர்மேல் உட்காரும் செம்புக் கட்டையின் உள்ளே மயிரிழைத் தடிமனில் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். தண்ணீர் அவற்றினூடே ஓடிச் சூட்டை வாங்கும், ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்குப் போகும், அங்கே அகன்ற ஃபேன்கள் ஊதும் காற்றில் சூட்டை விட்டுவிட்டுத் திரும்பும். டிராக்டரின் முன்பக்கம் இருப்பதும் இதே ஏற்பாடுதான். சுற்றில் ஓடும் தண்ணீர் மொத்தமும் ஒரு சொம்புக்குள் அடங்கிவிடும்.

பெரிய கணினிகளுக்கு இது பழைய வழி. ஐ.பி.எம். நிறுவனம் 1960களிலேயே தன் பெரிய கணினிகளுக்குள் தண்ணீரை ஓட்டியது. 1985இல் வந்த கிரே-2 கணினியில் மின்சுற்றுகள் மின்சாரம் கடத்தாத திரவத்திலேயே மூழ்கியிருந்தன. ஆப்பிள் 2004இல் மேசைக் கணினி ஒன்றைத் திரவக் குளிரூட்டலுடன் விற்றது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 2022இல் நிறுவப்பட்ட 'பரம் பிரவேகா' மீக்கணினியும் திரவக் குளிரூட்டலில் இயங்குவதே. வீட்டில் செய்து பார்த்த ஆரம்பகால ஆர்வலர்கள் மீன் தொட்டி பம்பையும் பழைய காரின் ஹீட்டர் ரேடியேட்டரையும் கழற்றி வந்து பொருத்தினார்கள். அதற்கென்றே செய்த பாகங்கள் பிறகுதான் கடைக்கு வந்தன. சென்னை ரிச்சி தெருவிலும் பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலும் அவற்றைத் தேடலாம். ரிஷிவந்தியத்திற்கு கூரியரில் வரவழைப்பது எளிது.

வெளிநாட்டுக் கையேடுகளைப் பார்த்துக் கணினி பூட்டுகிறவர்கள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. அந்தக் கையேடுகள் எழுதப்பட்ட அறையின் வெப்பம் 20 டிகிரி. ரிஷிவந்தியம் இருக்கும் கள்ளக்குறிச்சி மாவட்டத்துச் சமவெளியில் சித்திரை, வைகாசி மாதங்களில், பகலெல்லாம் காய்ந்த மொட்டைமாடித் தளத்துக்குக் கீழே, மின்விசிறி சுற்றும்போதே அறை 36 டிகிரியில் இருக்கும். ரேடியேட்டர் எவ்வளவு பெரிதானாலும் தண்ணீர் அறைக் காற்றைவிடக் குளிராது. மண்பானைத் தண்ணீர் குளிர்கிறதே என்று கேட்கலாம். பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகிப் போகும்போது சூட்டைப் பிடுங்கிக்கொண்டு போகிறது. கரும்பு ஆலைகளில் வெந்நீரைக் குளத்தின்மேல் தெளித்து ஆற்றுவதும் அதே முறை. கணினியின் சுற்று மூடிய சுற்று, அதில் ஆவியாகிச் சூட்டை எடுத்துப்போக வழியில்லை. அதனால் காற்றின் வெப்பம்தான் அதற்குத் தரைமட்டம்.

அந்தத் தரைமட்டத்திலிருந்துதான் கணக்குப் போட வேண்டும். 120 மில்லிமீட்டர் ஃபேன் மூன்று பொருத்தும் '360' அளவு ரேடியேட்டர், ஃபேன்கள் 1,000 சுற்றில் ஓடினால், தண்ணீரை அறையைவிடச் சுமார் 10 டிகிரி மேலே வைத்துக்கொண்டு 200 வாட்டுக்குச் சற்று அதிகமாக வெளியேற்றும். 20 டிகிரி அறையில் அந்தத் தண்ணீர் 30 டிகிரி. ரிஷிவந்தியத்துக் கோடையில் அதுவே 46. தண்ணீருக்கும் சில்லுக்கும் இடையில் இன்னும் 25, 30 டிகிரி வித்தியாசம் உண்டு என்பதால், அங்கே 60 டிகிரியில் ஓடும் புராசசர் இங்கே 76ஐத் தொடும். 95, 100 டிகிரி வரை தாங்கும்படி இன்றைய புராசசர்கள் செய்யப்படுவதால் இதில் ஆபத்தில்லை. ஆனால் 400 வாட் கணினிக்கு ஒரே ரேடியேட்டர் என்று நின்றால், ஃபேன் வேகத்தைக் கூட்டித்தான் தீர வேண்டும், வாங்கிய அமைதி அதோடு போயிற்று. இந்த வெயிலுக்கு '360' இரண்டு என்பதே சரியான அளவு. தண்ணீரின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டவே கூடாது, பம்பும் பிளாஸ்டிக் குழாயும் அதற்குமேல் தாங்காது. கடல்மட்டத்திலிருந்து 600 முதல் 900 மீட்டர் உயரத்திலுள்ள கல்வராயன் மலைக் கிராமங்களில் கணக்கு கொஞ்சம் இளகும். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி என்ற பொதுவிதிப்படி அங்கே கீழேயுள்ளதைவிட மூன்று முதல் ஐந்து டிகிரி குறைவு.

ஐஸ் கட்டி போட்டுத் தண்ணீரைக் குளிரவைத்தால் என்ன என்ற யோசனை பலருக்கும் வரும். குளிர்ந்த சொம்பின் வெளிப்பக்கம் வியர்ப்பதுபோல ஹோஸும் செம்புக் கட்டையும் வியர்க்கும், அந்த நீர் மதர்போர்டில் சொட்டும். ஐப்பசி ஈரக் காற்றில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். அதைவிட நல்ல யோசனை, சுவரில் துளை போட்டு ரேடியேட்டரைத் தாழ்வாரத்து நிழலில் வைப்பது. ஃபேன் சத்தமும் 400 வாட் சூடும் அறையை விட்டே வெளியேறிவிடும். ஹோஸ் நீளும் என்பதால் பம்ப் கொஞ்சம் பலமாக வேண்டும், அவ்வளவுதான்.

ஃபேன்கள் அடங்கிய பிறகு பம்பின் முனகல் காதில் விழத் தொடங்கும். பம்பைக் கேபினெட் தகட்டில் நேராகத் திருகினால் தகடு முழுவதும் மேளத்தோல்போல அதிரும். தடித்த ரப்பர் அல்லது ஸ்பாஞ்சு மேல் உட்காரவைத்து, வேகத்தைப் பாதிக்குக் குறைத்தால் முனகல் அடங்கும். ஓட்டம் குறைவதால் சில்லின் வெப்பம் இரண்டொரு டிகிரிதான் ஏறும். தண்ணீர் இல்லாமல் மட்டும் பம்பை ஓட்டவே கூடாது.

பலரும் கவனிக்காத இன்னொன்று, ஃபேன் எதைப் பார்த்து வேகம் மாற வேண்டும் என்பது. மதர்போர்டு வழக்கமாகப் புராசசரின் வெப்பத்தைப் பார்க்கும். ஒரு ஃபைலைத் திறந்தாலே அது நொடியில் 20 டிகிரி குதித்து இறங்கும், ஃபேனும் கூடவே சீறி அடங்கும். ஒரே சீரான சத்தத்தைவிட இந்த ஏற்ற இறக்கம்தான் காதை அதிகம் தொந்தரவு செய்கிறது. தண்ணீரில் ஒரு வெப்ப உணரியைப் போட்டு, ஃபேனை அதைப் பார்க்கவைத்தால் இந்தச் சீறல் நின்றுவிடும். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 400 வாட்டுக்கே பத்து வினாடிக்கு மேல் ஆகிறது. குறுகிய வேலைகளைத் தண்ணீர் உள்வாங்கிக்கொள்ளும், ஃபேன் அசையாது.

இந்த ஊரில் மிகவும் யோசிக்க வேண்டியது எந்தத் தண்ணீர் என்பது. வெந்நீர் போடும் கம்பியில் சில மாதங்களில் வெள்ளையாக ஏடு படிவதை போர்வெல் தண்ணீர் புழங்கும் வீடுகளில் பார்க்கலாம். அதே உப்பு மயிரிழைப் பள்ளங்களில் படிந்தால் ஓட்டம் அடைபடும். ஆர்.ஓ. கேன் தண்ணீரிலும் கொஞ்சம் உப்பு உண்டு. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்ற சீல் வைத்து விற்கும் டிஸ்டில்டு வாட்டர் நல்லது. திறந்த கேனிலிருந்து அளந்து தருவது வேண்டாம், அதில் ஆசிட் துளி கலந்திருக்கலாம். வெறும் டிஸ்டில்டு வாட்டரும் போதாது. 45 டிகிரி வெதுவெதுப்பில் பாசி பிடிக்கும், அதைத் தடுக்கும் மருந்தும் துரு தடுப்பானும் கலந்தே ஊற்ற வேண்டும். மின்னும் நிறத் திரவங்களிலுள்ள பொடி பள்ளங்களில் தங்கிவிடும் என்பதால் நிறமில்லாததே மேல்.

செம்புக் கட்டையோடு அலுமினிய ரேடியேட்டரைச் சேர்ப்பது பெரும் தவறு. இரு உலோகங்களும் ஒரே தண்ணீரில் நனைந்தால் பேட்டரிபோல வேலைசெய்து அலுமினியம் அரித்துப்போகும். இன்றைய கார் ரேடியேட்டர்கள் பெரும்பாலும் அலுமினியம்தான். பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று அதை எடுத்து மாட்டினால் சில மாதங்களில் சாம்பல் நிறக் கசடும், பின்பு கசிவும் மிஞ்சும். செம்பு, பித்தளை, நிக்கல் பூச்சு என்று ஒரே குடும்பத்துக்குள் நிற்பது நல்லது.

ஒழுகுமா என்ற பயம் நியாயமானது. தூய நீர் மின்சாரம் கடத்தாது என்பார்கள், சுற்றில் சில நாள் ஓடிய தண்ணீர் அப்படித் தூய்மையாக இருக்காது. அதனால் பூட்டி முடித்ததும் மதர்போர்டுக்கு மின்சாரம் கொடுக்காமல் பம்பை மட்டும் ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்க்க வேண்டும். கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ்ஸின் 24 முனைச் செருகியில் மாட்டி அதைத் தனியாக இயக்கச் சிறு இணைப்பான் கிடைக்கிறது. ஒவ்வொரு மூட்டின் அடியிலும் டிஷ்யூ பேப்பரை மடித்து வைத்தால் ஒரு துளி விழுந்தாலும் கறை காட்டிக்கொடுக்கும். குமிழிகள் வெளியேறக் கேபினெட்டை இப்படியும் அப்படியும் சாய்க்க வேண்டும். இந்த வேலையில் அவசரப்படுகிறவர்கள்தான் பின்னால் வருத்தப்படுகிறார்கள்.

தூசிக்குத் தனி ஏற்பாடு தேவை. நெல் அறுவடைக் காலத்தில் பறக்கும் சுணையும் செம்மண் தூசியும் ரேடியேட்டர் இதழ்களில் கம்பளிபோல அப்பிக்கொள்ளும். காற்று நுழையும் பக்கமெல்லாம் கழற்றிக் கழுவும் வலை போட வேண்டும். அந்த வலை பல்லியையும் தடுக்கும். வெதுவெதுப்பைத் தேடி எஸ்.எம்.பி.எஸ்ஸுக்குள் புகுந்து செத்த பல்லி, கணினி பழுதுபார்க்கிறவர்களுக்குப் பழகிய காட்சி. மின்தடை நேரத்துக்கு இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் அது சைன் வேவ் வகையாக இருப்பது நல்லது. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் நல்ல எஸ்.எம்.பி.எஸ். பலவும் ரீங்கரிக்கும், சில அணைந்தே போகும்.

இவ்வளவும் எல்லோருக்கும் வேண்டுமா என்றால், வேண்டாம். பாடம் படிக்க, கணக்கு எழுத, படம் பார்க்க வைத்திருக்கும் 65 வாட் கணினிக்குப் பெரிய செம்புக் குழாய்க் கூலரும் 140 மில்லிமீட்டர் ஃபேனுமே போதும், விலையும் மிகக் குறைவு. தண்ணீர் பொருத்தம் என்பது 300 வாட்டுக்கு மேலே, மணிக்கணக்கில் ஓடும் கணினிக்கு. நடுவில் நிற்பது ஏ.ஐ.ஓ. எனப்படும் சீல் வைத்த கூலர். ஊற்றவும் வேண்டாம், திறக்கவும் வேண்டாம். ஆனால் ரப்பர் குழாயின் வழியே நீர் ஆண்டுக்கணக்கில் மெல்ல ஆவியாகும், ஐந்தாறு ஆண்டுகளில் அதை மாற்ற வேண்டியிருக்கும். அதன் பம்ப் சுற்றிலேயே மிக உயரமான இடத்தில் வந்துவிடாதபடி பொருத்த வேண்டும். உள்ளே சேரும் காற்று மேலே ஏறிப் பம்பில் தங்கினால் கரகரவென்று சத்தம் வரும்.

திறந்து ஊற்றும் வகைக்கு ஆண்டுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்ற வேண்டும். மாசி முடிவதற்குள், வெயில் ஏறும் முன் செய்துவிடுவது வசதி. பழைய நீரை வெள்ளைக் கிண்ணத்தில் வடித்துப் பார்த்தால் உள்ளே நடந்தது தெரியும். தெளிவாக இருந்தால் புதிதாக ஊற்றி மூடலாம். பச்சையாகவோ கலங்கலாகவோ வந்தால் செம்புக் கட்டையைக் கழற்றி, பள்ளங்களைப் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, டிஸ்டில்டு வாட்டரில் இருமுறை அலசி, புதிய தெர்மல் பேஸ்ட் தடவித் திரும்பப் பூட்ட வேண்டும்.