பெயரிட்டவன் தேடிய துணை

கோடை விடுமுறையில் நாம் வீடு சந்திக்கச் சென்றபோது, அன்னை ஒருவர் நம்மிடம் முறையிட்டார்: "சாமி, இவன் படிப்பையே மறந்துவிட்டான். ஆளில்லாத ஏதோ ஓர் உலகத்தில் எந்நேரமும் சுற்றிக்கொண்டிருக்கிறான். நீங்களாவது புத்தி சொல்லுங்கள்." பத்தாம் வகுப்பு படிக்கும் மகன் தலைகுனிந்து நின்றான். கண்டிக்கும் எண்ணத்துடனேயே நாம் திரையருகே அமர்ந்தோம். எனினும், கண்டிக்குமுன் கேட்டறிவது முறையன்றோ? ஆகவே கேட்டோம். அன்று அவனிடம் கற்றதையும், பின்னர் நாம் படித்தறிந்ததையும் நம் குடும்பங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

அவன் ஆடிக்கொண்டிருந்தது 'நோ மேன்ஸ் ஸ்கை' என்னும் விண்வெளி ஆட்டம். இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்டு நகரில் இயங்கும் ஹலோ கேம்ஸ் என்னும் சிறு நிறுவனம் 2016 ஆகஸ்டில் இதனை வெளியிட்டது. இதிலுள்ள கோள்களின் எண்ணிக்கையை எழுத வேண்டுமாயின், 18 என்று எழுதி அதன்பின் 18 சுழியங்களை இடவேண்டும். நொடிக்கு ஒரு கோளாகப் பார்த்தாலும் அனைத்தையும் கண்டு முடிக்க 57,000 கோடி ஆண்டுகளுக்கு மேலாகும்.

விரல்விட்டு எண்ணத்தக்க சிலர் இத்தனை உலகங்களை எவ்வாறு வரைந்தனர்? அவர்கள் வரையவில்லை என்பதே உண்மை. நம் வீட்டுப் பெரியவர்கள் கோலப் படங்களைப் பெட்டியில் சேர்த்து வைப்பதில்லை. புள்ளிக் கணக்கும் இழை போகும் முறையும் மனத்தில் இருந்தால் போதும், வேண்டும்போது கோலம் வாசலில் மலரும். இங்கும் அவ்வாறே. ஒரு வித்தெண்ணும் கணித விதிகளும் கணிப்பொறியில் உள்ளன. ஆடுபவர் ஒரு கோளை அணுகும்போது அவ்விதிகள் மலையையும் கடலையும் விலங்கையும் அந்நேரமே கணித்துக் காட்டுகின்றன. அவர் அகன்றதும் அவை மறைந்துவிடுகின்றன. வித்தெண் மாறாததால், மற்றொருவர் அங்குச் சென்றாலும் அதே மலையும் அதே கடலுமே தோன்றும்.

இம்முறை புதியதன்று. 1984-இல் கேம்பிரிட்ஜ் மாணவர்களாகிய டேவிட் பிரேபன், இயன் பெல் என்னும் இருவர் 'எலைட்' என்ற ஆட்டத்தை உருவாக்கினர். இன்றைய ஒரு புகைப்படத்திற்கே போதாத சிறிய நினைவகத்தில், இவ்வகைக் கணக்கினால் 8 விண்மீன் மண்டலங்களை, ஒவ்வொன்றிலும் 256 உலகங்களோடு அவர்கள் அடக்கிக் காட்டினர்.

'நோ மேன்ஸ் ஸ்கை' ஆட்டத்தில் ஒரு கோளை முதலில் அடைபவர் அதற்கும் அதிலுள்ள உயிரினங்களுக்கும் பெயர் சூட்டலாம். பின்னர் வருவோர் அப்பெயரைக் காண்பர். வெளியான முதல் நாளிலேயே ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிரின வகைகளை ஆட்டக்காரர்கள் கண்டறிந்ததாக நிறுவனத் தலைவர் ஷான் மரே அறிவித்தார்.

ஆனால் அந்நாள்களிலேயே வேறொன்றும் நிகழ்ந்தது. முன்பின் அறியாத இருவர், தாங்கள் ஏறத்தாழ ஒரே பகுதியில் இருப்பதை அறிந்து, ஒரே கோளின் ஒரே இடத்திற்கு வந்து சேர்ந்தனர். இத்தனை பெரிய வெளியில் அது எத்துணை அரிய சந்திப்பு! ஆயினும் ஒருவர் கண்ணுக்கு மற்றவர் புலப்படவில்லை. ஒரே மண்ணில் நின்றும் இருவரும் தனித்தே நின்றனர். ஆடுவோர் பலர் ஏமாற்றமுற்றுச் சினந்தனர். பிறரைக் காணலாம் என்று முன்னர் கூறப்பட்டதே என்று குறைகூறினர்.

அந்நிறுவனத்தார் வாதிடுவதை விடுத்து வேலையில் இறங்கினர். 2017 ஆகஸ்டில், அருகிலிருக்கும் பிறர் சிறு ஒளியுருண்டைகளாகத் தெரிந்தனர். அவர்களுடன் பேசவும் முடிந்தது. 2018 ஜூலையில், ஒருவரை ஒருவர் முழு உருவில் கண்டு, கூடிப் பயணம் செய்து, இணைந்து வீடு கட்டவும் வழி பிறந்தது. இவற்றுக்கெனத் தனிக் கட்டணம் எதுவும் பெறப்படவில்லை.

இதனைப் படித்தபோது நம் நினைவு தொடக்க நூலின் இரண்டாம் அதிகாரத்திற்குச் சென்றது. விலங்குகளும் பறவைகளும் ஆதாமின்முன் கொண்டுவரப்பட்டன. அவன் அனைத்திற்கும் பெயரிட்டான். ஆயினும் அவனுக்குத் தகுந்த துணை அவற்றுள் காணப்படவில்லை. பெயரிடும் அதிகாரம் முழுவதும் கையில் இருந்தும் மனிதன் தனியனாகவே இருந்தான். மலையையும் கடலையும் கணக்கு தந்துவிடும், உடன் நின்று "நீயும் இதைப் பார்த்தாயா?" என்று கேட்கும் ஒருவனை எந்தக் கணக்கும் தராது. அயலான் கணித்துப் பெறும் பொருளல்லன். அவன் இறைவனின் கொடை.

அந்த அயலானுக்கு உதவுவதிலும் சிலர் இன்பம் காண்கின்றனர். 2014-இல் வெளியான 'எலைட் டேஞ்சரஸ்' என்னும் ஆட்டத்தில் நம் பால்வீதி 40,000 கோடி விண்மீன் குடும்பங்களோடு அமைக்கப்பட்டுள்ளது. அங்கே எரிபொருள் தீர்ந்து தவிப்போருக்கு உதவவென்றே 'ஃப்யூல் ராட்ஸ்', அதாவது எரிபொருள் எலிகள், எனத் தம்மை வேடிக்கையாக அழைத்துக்கொள்ளும் தொண்டர் குழு ஒன்று உள்ளது. எவர் அழைத்தாலும் நெடுந்தொலைவு கடந்து வந்து எரிபொருள் தந்து மீட்கின்றனர், கைம்மாறு கேட்பதில்லை. விளையாட்டே ஆயினும், எரிகோ வழியில் நின்ற நல்ல சமாரியனை இது நமக்கு நினைவூட்டவில்லையா?

இதனால் எந்நேரமும் ஆடுவது நன்று என்று நாம் கூறவில்லை. படிப்புக்கும் உறக்கத்திற்கும் குடும்பச் செபத்திற்கும் உரிய நேரத்தை விளையாட்டு விழுங்கலாகாது. திரைக்கு அப்பாலுள்ள அயலார் அனைவரும் சமாரியர் அல்லர் என்பதையும் பெற்றோர் மறவாதிருப்பார்களாக. பிள்ளை யாருடன் பேசுகிறான் என்பதை அறிவது அவர்தம் கடமை. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றி ஆணையேடு வெளியிட்டபோதும், அவற்றின் வியத்தகு ஆற்றலை ஏற்று, நெறியோடு பயன்படுத்தவே பணித்தது. ஆனால் "நிறுத்து" என்ற சொல்லை மட்டும் அறிந்த பெற்றோரிடம் பிள்ளை எதனைப் பகிர்ந்துகொள்வான்?

அன்று விடைபெறுமுன், "நீ பெயரிட்ட கோள் ஒன்றைக் காட்டு" என்றோம். செந்நிறப் புல்வெளியும் இரு நிலவுகளும் கொண்ட கோள் ஒன்றைக் காட்டினான். அதற்கு அவன் சூட்டியிருந்தது, முந்தைய ஆண்டு இறைவனடி சேர்ந்த அவன் பாட்டியின் பெயர். அடுக்களை வாசலில் நின்ற அன்னை அதைக் கேட்டு அருகில் வந்தார். "இதை ஏன்டா என்கிட்டே சொல்லவில்லை?" என்றார். "நீங்கள் கேட்கவே இல்லையே, அம்மா" என்றான் மகன்.

நாம் அவனுக்குச் சொல்ல எண்ணியிருந்த புத்திமதி அப்படியே நின்றுவிட்டது. அன்னை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு மகனருகே அமர்ந்தார். அக்குடும்பத்தை ஆசீர்வதித்து நாம் புறப்பட்டோம்.