முகச் சிவப்பும் கருவளையமும்: எதைப் பூசலாம், எதைத் தொடக்கூடாது?



கூட்டத்தில் சேமிப்பு, கடன் தவணை, தீர்மான நோட்டு எல்லாம் முடிந்து கிளம்பும் நேரத்தில்தான் சில கேள்விகள் மெதுவாக வரும். "மூஞ்சி இப்படி செவந்து கெடக்கே, தம்பி கல்யாணத்துக்கு எப்படி போய் நிக்கிறது?" "கண்ணுக்குக் கீழ கருப்பா இருக்கு. பாக்குறவங்க எல்லாம் ஒடம்புக்கு என்னன்னு கேக்குறாங்க. எதாவது கிரீம் இருக்கா?" இதைக் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. நாலு பேர் முன்னால் நன்றாகத் தெரிய வேண்டும் என்பது நியாயமான ஆசை. எதைப் பூசுகிறோம் என்று தெரிந்து பூச வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொள்வோம். மறைக்கிற பொருள் வேறு, மாற்றுகிறேன் என்று சொல்கிற பொருள் வேறு. மேக்கப் தோலின் மேலே இருக்கும், ராத்திரி கழுவினால் போய்விடும். "ஒரே வாரத்தில் வெளுக்கும்" என்று விற்கிற கிரீம் தோலுக்குள்ளே போய் வேலை செய்யும். முதல் வகையை எப்படித் தேர்ந்தெடுப்பது, இரண்டாம் வகையை ஏன் தொடக்கூடாது என்று பார்ப்போம்.

எந்தக் கறைக்கு எந்த நிறம்?

மறைப்பதற்கென்றே கடையில் கிடைப்பது 'கன்சீலர்'. பவுண்டேஷனைவிடக் கொஞ்சம் கெட்டியாக இருக்கும். சின்ன டியூபிலோ குச்சி வடிவத்திலோ வரும். இதில் ஒரு எளிய கணக்கு உண்டு: எதிர் நிறம் வைத்தால் கறை அமுங்கும்.

• சிவப்புக்கு எதிர் நிறம் பச்சை. அதனால் சிவப்பை மறைக்க இளம்பச்சை கன்சீலர் விற்கிறார்கள். ஆனால் மாநிறத்துக்கும் கருத்த நிறத்துக்கும் அது சாம்பல் பூசியதுபோல் தெரியும். நம்மில் பலருக்கு மஞ்சள் சாயல் உள்ள கன்சீலரே போதும்.

• கண்ணுக்குக் கீழே தோல் மெல்லியது. அடியில் ஓடும் ரத்த நாளம் நீலமாகத் தெரியும். நீலத்துக்கு எதிர் நிறம் ஆரஞ்சு. வெளிர் நிறம் உள்ளவர்களுக்கு இளஞ்சிவப்புக் கலந்த ஆரஞ்சும், மாநிறத்துக்கும் கருத்த நிறத்துக்கும் நல்ல ஆரஞ்சும் பொருந்தும். அதன்மேல் நம் தோல் நிறத்திலேயே கொஞ்சம் வைத்தால் போதும்.

• கருவளையம் என்றவுடன் வெள்ளையாக எதையாவது அப்புவது பெரும்பாலோர் செய்வது. கருப்பின் மேல் வெள்ளை வைத்தால் நீலம் பூத்த மாதிரிதான் தெரியும். போட்டோவில் இன்னும் மோசம்.

ஒரு சோதனை சொல்கிறோம். கண்ணாடி முன் நின்று, வெளிச்சம் வரும் பக்கம் முகத்தை நிமிர்த்திப் பாருங்கள். கருமை குறைந்தால் அது கன்னம் ஒட்டியதால் விழும் நிழல். நிழலை எந்த கிரீமும் முழுசாக மறைக்காது. அதற்காக விலை கூடியதைத் தேடி அலைய வேண்டாம்.

கடையில் என்ன பார்க்கணும்?

1. நிறத்தைத் தாடையில் வைத்துப் பாருங்கள். கையும் முகமும் ஒரே நிறமாக இருப்பதில்லை. டியூப் லைட்டை நம்பாமல் வாசலுக்கு வந்து வெயில் வெளிச்சத்தில் பாருங்கள். தடவிய இடம் தெரியாமல் கலந்துவிட்டால் அதுதான் உங்கள் நிறம்.

2. டப்பாவில் தயாரிப்பாளர் பெயர், முழு முகவரி, பேட்ச் எண், உரிம எண், எந்த மாதத்துக்குள் உபயோகிக்க வேண்டும் என்ற தேதி, சேர்மானப் பட்டியல் எல்லாம் இருக்க வேண்டும். எழுத்து பொடியாக இருந்தால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். இவை இல்லாத டப்பா எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

3. சில டப்பாக்களில் பச்சைப் புள்ளி இருக்கும். அது சைவமா அசைவமா என்பதை மட்டும்தான் சொல்லும். மூலிகை என்றோ, தோலுக்குப் பாதுகாப்பு என்றோ அதற்கு அர்த்தம் கிடையாது.

4. முகம் ஏற்கெனவே சிவந்து எரிகிறவர்கள் வாசனை அதிகம் உள்ளதைத் தவிர்க்கவும்.

5. வாங்கியதும் முகத்துக்குக் கொண்டு போகாதீர்கள். முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி இரண்டு நாள் பாருங்கள். அரிப்பு, தடிப்பு இல்லையென்றால் முகத்துக்குப் போடலாம்.

பூசுவது எப்படி?

முகம் கழுவி, ஈரம் துடைத்து, வழக்கமான கிரீம் ஏதாவது லேசாகத் தடவி ஐந்து நிமிஷம் விடுங்கள். பிறகு கன்சீலரைப் பச்சைப்பயறு அளவு எடுத்து, கறை உள்ள இடத்தில் மட்டும் புள்ளி புள்ளியாக வையுங்கள். மோதிர விரலால் தட்டித் தட்டிப் பரப்புங்கள். தேய்த்தால் மெல்லிய தோல் இன்னும் சிவக்கும். மேலே துளி பவுடர் ஒற்றினால் வியர்வையில் சீக்கிரம் கலையாது.

ராத்திரி பூச்சோடு படுக்கக் கூடாது. பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு முகம் கழுவுங்கள். கல்யாண வீட்டில் ஒரே டப்பா, ஒரே பஞ்சு பத்துப் பேர் முகத்துக்குப் போகும். கண் நோயும் தோல் நோயும் அப்படித்தான் பரவுகின்றன. பார்லர் தொழில் செய்யும் நம் உறுப்பினர்கள் இதைக் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும்.

சிவப்பே கிரீமால் வந்ததா?

எங்களிடம் வந்த ஒரு சகோதரியின் அனுபவத்தை, பெயர் சொல்லாமல், அவர் சம்மதத்தோடு எழுதுகிறோம். பிள்ளைக்குப் படை வந்தபோது வாங்கிய டியூபைத் தன் முகத்துக்கும் தடவியிருக்கிறார். பத்தே நாளில் மங்கு குறைந்து முகம் பளிச்சென்று ஆனது. சந்தோஷத்தில் எட்டு மாதம் விடாமல் பூசினார். பிறகு கன்னம் சிவந்தது, அடுப்புப் பக்கம் போனால் எரிந்தது, முகத்தில் பூனை முடி வளர்ந்தது. பயந்து நிறுத்தினால் எரிச்சல் இன்னும் கூடியது. திரும்பவும் அதையே வாங்கினார். சிவப்பை மறைக்க என்ன பவுடர் போடலாம் என்று கேட்கத்தான் எங்களிடம் வந்தார். டியூபை வாங்கிப் பார்த்தோம். அதில் ஸ்டீராய்டு மருந்து இருந்தது. தோல் டாக்டரிடம் பல மாதம் வைத்தியம் பார்த்த பிறகுதான் தேறினார்.

பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று டியூபில் எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு. டாக்டர் சொன்ன இடத்தில், சொன்ன நாள் வரை பூசினால் நல்ல மருந்து. அழகு கிரீமாக மாசக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, ரத்த நாளம் தெரிந்து, முகம் சிவந்தே நிற்கும். இதனால்தான் 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. ஏற்கெனவே ரொம்ப நாளாகப் பூசி வருபவர்கள் தாமாக நிறுத்திவிட்டுத் தவிக்க வேண்டாம். டியூபையும் எடுத்துக்கொண்டு தோல் டாக்டரைப் பாருங்கள்.

இன்னொரு ஆபத்து பாதரசம். இது தோல் கருப்பதைத் தடுத்து வெளுப்பாகக் காட்டும். ஆனால் தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேரளாவில் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரகக் கோளாறோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில் பலர் வெளுப்பு கிரீம் பூசியவர்கள் என்று 2023இல் வெளியே வந்தது. பல கிரீம்களில் தயாரித்தவர் முகவரியே இல்லை. முகமோ காலோ வீங்குகிறது, சிறுநீர் நுரையாகப் போகிறது என்றால் கிரீமை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

கருவளையம் என்ன சொல்கிறது?

சிலருக்கு இது பரம்பரையாக வரும். சிலருக்குக் கண்ணைக் கசக்கிக் கசக்கி வரும். தூக்கம் குறைந்தாலும் வரும். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து ராத்திரி பதினோரு மணிக்குப் படுக்கிற பெண்ணின் கண்ணைச் சுற்றிக் கருக்காமல் என்ன செய்யும்? ரத்தம் குறைந்தாலும் முகம் வெளிறிக் கருவளையம் எடுப்பாகத் தெரியும். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. இருபது பேர் உள்ள குழுவில் பத்துப் பேருக்கு இருக்கலாம் என்று அர்த்தம்.

மேல்மூச்சு வாங்குகிறது, படி ஏறினால் படபடக்கிறது, எப்போதும் அசதி என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை அங்கே இலவசம். மாத்திரையை டீயோடு விழுங்கினால் சத்து உடம்பில் சேராது, எலுமிச்சை ஜூஸோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் நன்றாகச் சேரும். முருங்கைக்கீரை, கேழ்வரகு, அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஈரல், சுவரொட்டி எல்லாம் உதவும். குழம்பில் கிடைக்கும் ஈரலை வீட்டுக்காரருக்கும் பிள்ளைக்கும் வைத்துவிட்டு நாம் சாறு ஊற்றிச் சாப்பிடுகிற பழக்கத்தையும் கொஞ்சம் மாற்றுவோம்.

முகச் சிவப்பிலும் ஒன்றைக் கவனியுங்கள். மூக்கின் மேலும் இரண்டு கன்னத்திலும் வண்ணத்துப்பூச்சி மாதிரி சிவந்து, வெயில் பட்டால் கூடி, மூட்டு வலியும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் மேக்கப் போட்டு மறைத்துவிடாதீர்கள். டாக்டர் அந்தச் சிவப்பைப் பார்த்தால்தான் நோயைக் கண்டுபிடிக்க முடியும்.

அடுத்த கூட்டத்தில் செய்ய வேண்டியது

ஒவ்வொருவரும் வீட்டில் முகத்துக்குப் பூசும் கிரீமை எடுத்து வாருங்கள். படிக்கத் தெரிந்த உறுப்பினர் டப்பாவில் உள்ளதை எல்லோருக்கும் வாசிக்கட்டும். முகவரி இல்லாதது, தேதி முடிந்தது, ஸ்டீராய்டு உள்ளது என்று மூன்றாகப் பிரியுங்கள். யாரையும் கேலி செய்ய வேண்டாம், கேலி செய்தால் அடுத்த முறை ஒளித்துத்தான் பூசுவார்கள். ரத்தப் பரிசோதனைக்கு ஒரு நாள் குறித்து, கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லிவிட்டு, குழுவாகவே போய் வாருங்கள். அதையும் தீர்மான நோட்டில் எழுதிவிடுங்கள்.