லண்டனில் உங்கள் டெபாசிட் யாரிடம் இருக்கிறது?

ஒவ்வொரு செப்டம்பரிலும் இதையே பார்க்கிறேன். லண்டனில் முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்த பிள்ளைகள், விமானம் ஏறும் முன்பே ஈஸ்ட் ஹாமிலோ இல்ஃபோர்டிலோ ஓர் அறைக்குப் பணம் கட்டிவிடுகிறார்கள். ரசீது கிடையாது, ஒப்பந்தம் கிடையாது. காலி செய்யும் நாளில் சுவரில் கறை, மெத்தையில் பள்ளம் என்று சொல்லி மொத்த டெபாசிட்டையும் பிடித்துக்கொள்கிறார்கள். சேர்க்கைக்கும் விசாவுக்கும் கட்டணம் வாங்கிய கன்சல்டன்சிகள் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை.

சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய பெற்றோருக்குக் கேட்ட தொகை நியாயமாகவே தோன்றும். இங்கிலாந்தில் சட்டம் வேறு. ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழே என்றால், ஐந்து வார வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்கக் கூடாது என்கிறது 2019-ஆம் ஆண்டுச் சட்டம். மாதம் 780 பவுண்டு என்றால் வாரத்துக்கு 180. ஆக, 900 பவுண்டுதான் உச்சவரம்பு.

அந்தப் பணத்தை வீட்டுக்காரர் தன் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளவும் முடியாது. வாங்கிய 30 நாளுக்குள் டெபாசிட் புரொடெக்‌ஷன் சர்வீஸ், மைடெபாசிட்ஸ், டெனன்சி டெபாசிட் ஸ்கீம் ஆகிய மூன்று டெபாசிட் பாதுகாப்புத் திட்டங்களில் ஒன்றில் பதிந்து, விவரத்தை உங்களுக்கு எழுத்தில் தர வேண்டும். தரவில்லையா? மூன்று இணையதளங்களிலும் நீங்களே தேடலாம். அஞ்சல் குறியீடு, குடும்பப் பெயர் போன்ற விவரங்களைக் கேட்கும். நம் பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். அப்பா பெயரா, சொந்தப் பெயரா, எது குடும்பப் பெயராகப் பதிவாகியிருக்கிறது என்று தெரியாது. இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

மூன்றிலும் இல்லை என்றால், முதலில் வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுதுங்கள். அசையவில்லை என்றால் கவுன்டி நீதிமன்றத்தில் N208 படிவம். டெபாசிட்டோடு, அதைப் போல ஒன்று முதல் மூன்று மடங்கு வரை அபராதமும் உங்களுக்குத் தரச்சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம். படிவம் நிரப்ப மாணவர் சங்கத்தின் ஆலோசனைப் பிரிவையோ சிட்டிசன்ஸ் அட்வைஸையோ கேளுங்கள், இலவசம்தான். பணம் முறையாகப் பதிவாகியிருந்து, பிடித்தத்தில் மட்டும் தகராறு என்றால் நீதிமன்றம் வேண்டாம். அந்தத் திட்டமே கட்டணமின்றித் தீர்த்துவைக்கும். சேதத்தை நிரூபிப்பது வீட்டுக்காரர் பாடு. ஆனாலும் குடிபுகும் நாளிலேயே சுவர், மெத்தை, அடுப்பு எல்லாவற்றையும் படமெடுத்து அவருக்கே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். அறையை வாடகைக்கு விடுபவரும் அதே வீட்டில் குடியிருந்தால் நீங்கள் சட்டப்படி வெறும் ‘லாட்ஜர்’. இந்தப் பதிவுப் பாதுகாப்பு கிடையாது. சீனியர் ஒருவர் வீடெடுத்து உள்ளறையைப் பகிரும்போது நடப்பது பெரும்பாலும் இதுதான். நம்ம ஊர்ப் பையன் என்று ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வங்கி வழியாக அனுப்பி, ‘டெபாசிட்’ என்று குறிப்பெழுதி, கையொப்பமிட்ட ரசீது வாங்குங்கள். பிறகு பணத்தைத் தர மறுத்தால், கவுன்டி நீதிமன்றத்தில் சாதாரணக் கடன் வழக்காகப் போட உங்களிடம் இருக்கும் சான்று அது மட்டுமே. மறுபடி சொல்கிறேன், ரொக்கம் வேண்டாம்.

அறையே இல்லாத விளம்பரத்தை நம்பி ஊரிலிருந்தே பணம் அனுப்பி ஏமாந்திருந்தால், அன்றே வங்கியையும் 1930 என்ற இந்திய சைபர் குற்ற உதவி எண்ணையும் அழையுங்கள். ‘போனது போகட்டும்’ என்று இரண்டு நாள் உட்கார்ந்துவிட்டால், அந்தப் பணம் கணக்கு மாறிப் போய்விடும்.