எரித்த கோப்புகளும் எஞ்சிய கோப்புகளும்

பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துக் கென்யாவில் நடந்த மாவ் மாவ் எழுச்சியைப் பற்றி 1960 இல் ஒருவர் தெரிந்துகொள்ள விரும்பினால், அவர் கைக்கு வந்து சேரக்கூடிய நூல் கார்ஃபீல்டு அறிக்கைதான். அரசே எழுதச் சொல்லி, அரசே அச்சிட்டது. எழுச்சியில் இறங்கிய கிகுயு மக்கள் நிலத்துக்காகக் கிளர்ந்தெழவில்லை, நாகரிகத்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் பழைய இருளுக்குத் திரும்பினார்கள் என்பது அதன் சாரம். கணக்கும் அதில் இருந்தது. கொல்லப்பட்ட மாவ் மாவினர் 11,503 பேர், கொல்லப்பட்ட வெள்ளைக் குடிமக்கள் 32 பேர். அன்றைய லண்டன் நாளிதழ்களைப் படித்தவர்கள் மனத்தில் பதிந்தது அந்த 32 தான்.

இன்று அதே எழுச்சியைப் படிக்க வருபவர் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து, கைதிகளை அடைத்த முகாம்களின் அதிகாரிகளும் ஆளுநரும் எழுதிக்கொண்ட கடிதங்களையே பிரித்துப் பார்க்கலாம். ஒளிப்படம் எடுத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பலாம். இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவே ஐம்பது ஆண்டுகள் போயின. அந்த ஐம்பது ஆண்டுகள் யாருக்கு உதவின என்பதை நினைக்காமல் அந்தக் கோப்புகளைப் படிக்க முடிவதில்லை.

இந்தக் கதையை மிஷனரிகளிடமிருந்து தொடங்குவதுதான் சரி. பழைய வரலாறுகளில் அவர்கள் பள்ளி கட்டினார்கள், எழுத்தறிவித்தார்கள், ஞானஸ்நானம் கொடுத்தார்கள். பின்னாளில் கென்யாவின் முதல் அதிபரான ஜோமோ கென்யாட்டாவும் தோகோட்டோவில் இருந்த ஸ்காட்லாந்து மிஷன் பள்ளியில் படித்தவர்தான். 1929 இல் பெண்களுக்குச் செய்யும் விருத்தசேதனத்தைக் கைவிடுவதாக உறுதி கொடுத்தால்தான் சபையில் இடம் என்று சில மிஷன்கள் சொன்னபோது, ஆயிரக்கணக்கானோர் வெளியேறித் தங்களுக்கென்று சபைகளும் பள்ளிகளும் தொடங்கினார்கள். 1952 அக்டோபர் 20 அன்று அவசரநிலை வந்ததை அடுத்து, எழுச்சியின் விளைநிலம் என்று அந்தப் பள்ளிகளையே அரசு மூடியது. முன்பெல்லாம் மிஷன் கடிதங்களில் மதம் மாறியவர்களின் எண்ணிக்கையைத் தேடினார்கள். இன்றைய ஆய்வாளர்கள் அதே கடிதங்களில் நிலத் தகராறையும், எழுதப் படிக்கக் கற்றவர்கள் அந்தக் கல்வியை மிஷனுக்கு எதிராகவே திருப்பிய விதத்தையும் தேடுகிறார்கள். தாள் மாறவில்லை, கேள்விதான் மாறியிருக்கிறது.

தொல்மானுடவியலாளர் லூயிஸ் லீக்கியின் வாழ்க்கையில் அந்தக் காலம் முழுவதையும் பார்க்கலாம். மிஷனரியின் மகனாக 1903 இல் கபேட்டேயில் பிறந்தார். கிகுயு மொழி அவருக்குத் தாய்மொழி போல வந்தது. ஆதிமனித எச்சங்களைத் தோண்டிய அதே கை, 1952 இல் மாவ் மாவ் பற்றியும் நூல் எழுதியது. மாவ் மாவை வழிநடத்தியதாகக் கபெங்குரியாவில் கென்யாட்டா மீது வழக்கு நடந்தபோது நீதிமன்றத்தின் மொழிபெயர்ப்பாளராகவும் அவரே அமர்ந்தார். கென்யாட்டா தரப்பு வழக்கறிஞர் டி. என். பிரிட் ஆட்சேபித்த பிறகே விலகினார். மிஷன், ஆராய்ச்சி, ஆட்சி மூன்றும் ஒரே ஆளிடம் இருப்பது அன்று பெரும்பாலோருக்கு உறுத்தவில்லை. ஒரு மக்களை நன்கு அறிந்தவர் அவர்களைப் பற்றிச் சொல்வது நியாயமாகத்தான் இருக்கும் என்று நம்பினார்கள்.

1963 டிசம்பர் 12 அன்று கென்யா விடுதலை பெறும் முன்பே கோப்புகள் பிரிக்கப்பட்டுவிட்டன. பிரிட்டிஷ் அரசுக்குத் தலைகுனிவு தரக்கூடிய எதையும் புதிய அரசிடம் விட்டுச் செல்லக் கூடாது என்று 1961 இல் காலனித் துறையிலிருந்து அறிவுரை போனது. குறிப்பிட்ட கோப்புகளை ஐரோப்பிய வம்சாவளிப் பிரிட்டிஷ் குடிமக்கள் மட்டுமே தொட வேண்டும். எரித்தால் சாம்பலையும் கிளறி உடைக்க வேண்டும். கடலில் போடுவதானால் கரைக்கு வெகு தொலைவில், நீரோட்டமில்லாத ஆழத்தில் போட வேண்டும். எஞ்சியவை விமானமேறி இங்கிலாந்து போயின. 1967 இல் கென்யா அவற்றைத் திருப்பிக் கேட்டது, கிடைக்கவில்லை. நைரோபியிலும் அதைப் பற்றிப் பெரிய ஆத்திரம் எழவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பழையதை மறப்போம் என்பதே கென்யாட்டாவின் பேச்சு. விடுதலை பெற்ற நாட்டிலேயே மாவ் மாவ் மீதான தடை 2003 வரை நீடித்தது.

தாள் இல்லாத காலத்தில் ஆய்வாளர்கள் ஆட்களைத் தேடிப் போனார்கள். கரோலின் எல்கின்ஸ் மலைச் சரிவுக் கிராமங்களில் முகாம் வாழ்க்கையைக் கண்ட நூற்றுக்கணக்கான முதியவர்களிடம் கேட்டு எழுதினார். டேவிட் ஆண்டர்சன் நீதிமன்றக் கட்டுகளில் மூழ்கினார். இருவர் நூல்களும் 2005 இல் வந்தன. தூக்கிலிடப்பட்டவர்கள் 1,090 பேர் என்று ஆண்டர்சன் எண்ணிக் காட்டினார். அவர்களில் கொலைக் குற்றத்துக்காகத் தூக்கிலேறியவர்கள் 346 பேரே. ஆயுதமோ தோட்டாவோ வைத்திருந்ததற்காகப் போனவர்கள் 472 பேர். எல்கின்ஸின் நூலுக்குப் புலிட்சர் பரிசும் கிடைத்தது, கிழவர்கள் சொன்னதை அப்படியே நம்பிவிட்டார் என்ற ஏளனமும் கிடைத்தது.

2009 இல் முகாம்களில் வதைபட்ட கென்ய முதியவர்கள் ஐவர் லண்டன் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். வழக்குக்காக ஆவணம் கேட்கப் போய்த்தான், பக்கிங்ஹாம்ஷையரில் ஹான்ஸ்லோப் பார்க் என்ற அரசு வளாகத்தில் கென்யக் கோப்புகள் ஏறத்தாழ 1,500 இருப்பது 2011 இல் வெளியே வந்தது. மொத்தம் 37 முன்னாள் காலனிகளின் கோப்புகள் அங்கே கிடந்தன. கைதிகளை அடிப்பதற்குச் சட்டத்தில் இடம் செய்துகொடுத்த, காலனி அரசின் தலைமை வழக்கறிஞர், பாவம் செய்வதானால் சத்தமில்லாமல் செய்ய வேண்டும் என்ற பொருளில் 1957 இல் ஆளுநருக்கு எழுதிய கடிதமும் அவற்றில் இருந்தது. கிழவர்களின் வாய்மொழி என்று ஒதுக்கியதைப் பல இடங்களில் அரசின் தட்டச்சே உறுதிசெய்தது.

எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்துவிடவில்லை. மாண்டவர் எண்ணிக்கையை எல்கின்ஸ் லட்சக்கணக்கில் கொண்டுபோயிருந்தார். மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை ஒப்பிட்ட ஜான் பிளாக்கர் 2007 இல் அது 50,000 அளவில் இருக்கலாம் என்றார், அதில் பாதி பத்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள். பெரிய எண்ணை விட இந்தச் சிறிய எண்தான் என்னை அதிகம் கலங்கவைத்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கம்பிவேலிக் கிராமங்களில் அடைத்த கொள்கைக்கு அந்தக் குழந்தைகளே சாட்சி. கொல்லப்பட்ட மாவ் மாவினரை மட்டும் எண்ணிய 11,503 இல் அவர்களுக்கு இடமே இல்லை.

இன்று கியூவுக்குப் போகும் இளம் ஆய்வாளர் பலருக்கு கிகுயு மொழி தெரியாமலே வேலை முடிந்துவிடுகிறது. முன்பு மொழி தெரியாமல் ஓர் அடி நகர முடியாது. தாள் பேசத் தொடங்கிய காலத்தில்தான் முதியவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். எஞ்சிய கோப்புகளும் ஆண்டவர்கள் எழுதியவையே. அடித்தவன் கையெழுத்து அவற்றில் உண்டு, அடிபட்டவன் பெயர் பல இடங்களில் வெறும் எண்.

2012 தீர்ப்பின்போது, வழக்குத் தொடுத்த அந்த ஐவரில் மூவரே வழக்கில் மிஞ்சியிருந்தார்கள். இத்தனை ஆவணம் இருக்கும்போது நியாயமான விசாரணை நடத்தலாம் என்றார் நீதிபதி மெக்கோம். மறு ஆண்டு ஜூனில் அரசு வருத்தம் தெரிவித்து, 5,228 பேருக்காக 1 கோடியே 99 லட்சம் பவுண்டில் உடன்பாடு செய்துகொண்டது. அதன் பிறகு ஏறத்தாழ 40,000 கென்யர்கள் தொடர்ந்த இன்னொரு வழக்கை 2018 இல் அதே லண்டன் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இத்தனை காலம் கடந்த பின் நியாயமாக விசாரிக்க இயலாது என்பது அதற்குச் சொன்ன காரணம்.